மிதித்துப் பார்த்த மலை

"இன்னா சார், ஒரு சைக்கிளுக்கு ரெண்டு சீட்டா? பஸ்ஸு வுடப் போறியா?"

சேலையூர் கேம்ப் ரோட்டில் வெல்டிங் கடை வைத்திருந்த சவுரிமுத்து கேட்டபோது மதியழகனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மனைவி துர்காதான் சிரித்தாள்.

"ஆமாண்ணா, நான்தான் கண்டக்டர். டிரைவருக்குக் கண்ணு தெரிஞ்சா போதாதா?"

அப்போதுதான் சவுரிமுத்து அவள் கண்களைக் கவனித்தார். அதற்குமேல் கேலி பேசவில்லை. இருவரின் பழைய சைக்கிள்களையும் அறுத்து ஒன்றாக ஒட்டித் தந்தார்.

காட்டாங்குளத்தூர் கல்லூரியில் வேலை பார்த்த அந்த இருவரையும் சேர்த்து வைத்ததே சைக்கிள்தான். கல்யாணமான புதிதில் ஓர் ஆசை. தாம்பரத்திலிருந்து மிதித்தே போய் ஏற்காடு ஏற வேண்டும், உச்சியில் நின்று சேலத்தைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் போய்ப் பார்த்தால் அது பார்த்த கணக்கில்லை என்று இருவருக்கும் ஒரு பிடிவாதம்.

துர்காவுக்கு விழித்திரை நோய், பார்வை மெல்லப் போய்விடும் என்று டாக்டர் சொன்ன அன்று மாலை, அந்தப் பிடிவாதத்தை விட்டு அவள் ஒரே ஒரு முறை கேட்டாள்.

"மதி, இந்த வாரமே பஸ்ல போயிட்டு வந்துடலாமா?"

"சீ, பஸ்லயா? அட்மிஷன் வேலை முடியட்டும், மிதிச்சே போலாம். மலை எங்க ஓடிடப் போகுது?"

மலை ஓடவில்லை. அட்மிஷனுக்குப் பின் மழை வந்தது, மழைக்குப் பின் பரீட்சை வந்தது. டாக்டர் சொன்னதைவிடச் சீக்கிரமாகவே பார்வை போய்விட்டது.

2006 டிசம்பரில் அந்த இரட்டை சைக்கிளில் கிளம்பினார்கள். விழுப்புரத்திலும் கள்ளக்குறிச்சியிலும் தங்கி, சேலம் போய்ச் சேர்வதற்குள் மதியழகனுக்கு முழங்கால் கழன்றுவிட்டது. மலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டே அவளுக்குச் சொன்னான்.

"இடது பக்கம் காப்பிச் செடி. பழம் செவசெவன்னு இருக்கு. ஒரு குரங்கு உன்னையே பாக்குது."

"என்னையா, என் கைல இருக்கற பிஸ்கட்டையா?"

அவன் கால் பின்னியபோதெல்லாம் பின்னாலிருந்து அவள் அழுத்தி மிதித்தாள். உச்சிக்குப் போய்ச் சேலத்தை அவளுக்குக் காட்டிவிட வேண்டும், அது ஒன்றையாவது செய்துவிட வேண்டும் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான்.

உச்சியில் கம்பித் தடுப்புக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. எங்கும் வெள்ளையாகப் பனி மூடியிருந்தது.

"சொல்லு மதி."

ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. "கீழ ஊரே தெரியுது. வீடெல்லாம் தீப்பெட்டி மாதிரி. ஒரு ரயில் போகுது. அப்புறம்... நாம ஏறி வந்த ரோடு..."



"பனி மூடியிருக்கு, இல்ல?" என்றாள் துர்கா மெதுவாக. "வந்ததுமே தெரிஞ்சிடுச்சு. கன்னமெல்லாம் ஈரம்."

அவன் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அன்னிக்கே பஸ்ல கூட்டிட்டு வந்திருக்கணும், துர்கா."

"ஆமா," என்றாள் அவள்.

அவன் கையைத் தேடிப் பிடித்தாள்.

"அந்த ரயில் எங்க போகுது?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெள்ளையையே பார்த்தான்.

"மெட்ராஸுக்கு."

"தாம்பரத்துல நிக்குமா?"

"நிக்கும்," என்றான்.