வெள்ளை வந்தால் ஆபரேசன்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளிலிருந்தே சேவுகப்பெருமாளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காரைக்குடி வீட்டில் உட்கார்ந்தால் புதுவயல் ரைஸ்மில்லுக்குப் போகவேண்டும் போலிருக்கும். மில்லுக்குப் போய் லாரியில் மூட்டை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால், வீட்டில் பெண்டாட்டி பொன்னுத்தாயிக்கு என்ன ஆச்சோ என்று பைக்கைத் திருப்பிவிடுவார். லாரி புக்கிங்கில் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். அந்த வாரம் திருச்சிக்குப் போகவேண்டிய அரிசியைத் தேனிக்கு அனுப்பிவிட்டு, பழியை டிரைவர் தலையில் போட்டுக் கத்தினார். மனுசன் கோபப்படுவாரே தவிர, பயந்துபோயிருப்பதாக ஒத்துக்கொள்ளமாட்டார்.

அவளுக்கு நெஞ்சுக்குள் மூன்று அடைப்பு, பைபாஸ் செய்யவேண்டும் என்பது பயத்தில் பாதிதான். மீதிப் பாதி, ஆபரேசன் செய்யப்போகிற டாக்டரம்மா மீனலோசனி சொன்னதில் இருந்தது.

"உங்க வீட்டுக்காரம்மாவுக்குச் சுகர் இல்ல, பிரஷர் இல்ல. ஆனா முன்னாடி மார்புல புற்றுநோய் வந்து, இடது பக்கம் ரேடியேசன், அதான் கரண்ட், வச்சிருக்காங்க. அதோட சூடு உள்ள இதயத்து மேலயும் பட்டிருக்கு. ரத்தக்குழாய் ஆரம்பிக்கிற வாயிலேயே சுருங்கிப்போச்சு. ஸ்டென்ட் வச்சா சரிவராது."

"அந்தக் கரண்ட் வச்சதுனாலதானம்மா அவ பொழச்சா?" என்றார் சேவுகப்பெருமாள், சண்டைக்குப் போகிறவர் மாதிரி.

"ஆமா. அதுவும் நிஜம், இதுவும் நிஜம்" என்றார் மீனலோசனி. "சாதாரணமா நெஞ்செலும்புக்குப் பின்னாடி ஓடுற குழாயை எடுத்துத்தான் பைபாஸ் போடுவோம். கரண்ட் பட்டவங்களுக்கு அந்தக் குழாயே கெட்டுப்போயிருக்கலாம். உள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும். பிளந்த எலும்பு கூடவும் நாளாகும். மத்தவங்களைவிட இவங்களுக்கு ஆபத்து கூடத்தான். செய்யாம விட்டா அதைவிடக் கூட. யோசிச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

பொன்னுத்தாயி அவ்வளவையும் கேட்டுக்கொண்டாள். திரும்பி வரும்போது காரில் சொன்னாள்: "நம்ம கருப்பர்கிட்ட பூப் போட்டுப் பாப்போம். அவரு சொல்றதுதான்."

காரை ஓட்டிக்கொண்டிருந்த மகள் சித்ரா, "ஆபரேசனைப் பூவைக் கேட்டா முடிவு பண்ணுவாக?" என்று எரிந்து விழுந்தாள். சேவுகப்பெருமாளோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பூப் போட்டுப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி வாழை இலையில் மடித்து, நூல் சுற்றி, சாமி காலடியில் போடவேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. அவர்கள் வகையறாவில் பொட்டலம் கட்டுவது வீட்டு ஆம்பளை. எடுப்பதும் பிரித்துச் சொல்வதும் யாருக்காகக் கேட்கிறோமோ அவர். எடுக்காமல் மிஞ்சுகிற பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது, சாமியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அப்படியே ஊருணியில் விட்டுவிட வேண்டும். இந்தக் கடைசி விதியை யார் வைத்தார்களோ, களவாணிப் பயலுக்கென்றே வைத்ததுபோல இருக்கும்.

அந்தக் களவாணி வேலையைச் சேவுகப்பெருமாள் ஒருதரம் செய்திருக்கிறார். சித்ரா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். பொன்னுத்தாயிக்கு மாரில் கட்டியை அறுத்து எடுத்தாயிற்று, கரண்டும் வைத்தால்தான் நோய் திரும்பாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். "அறுத்தது போதும், இனிமே என்னையப் பொசுக்க வேணாம்" என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். கருப்பர் சொன்னால் மட்டும் போகிறேன் என்றாள். சேவுகப்பெருமாள் கொல்லைக்குப் போய், இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். பாவம், கருப்பருக்கு வேறு வழியே வைக்கவில்லை.

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பெண்டாட்டி பிழைத்தாள், மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தாள், பேத்தியைக் குளிப்பாட்டினாள். சொல்வதற்கு அவசியம் வரவில்லை. இப்போது வந்துவிட்டது. சாமியை ஏமாற்றி வைத்த கரண்ட், இத்தனை வருசம் கழித்து அவள் நெஞ்சுக்குழாயைச் சுருக்கியிருக்கிறது என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். தன் கையாலேயே அவளுக்கு இதைச் செய்துவிட்டோம் என்று நினைக்க நினைக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கொல்லையில் நின்று பொட்டலம் கட்டினார். முதலில் இரண்டிலும் வெள்ளையை வைத்தார். கருப்பரின் முழி ஞாபகத்துக்கு வந்தது, பிரித்தார். ஒன்றில் சிவப்பை வைத்தார். அதை அவள் எடுத்துவிட்டால்? அவள் சாமி வாக்கை மீறுகிறவள் இல்லை. மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே கிடந்து போய்ச் சேருவாள். மறுபடி பிரித்தார். மறுபடி பொய் சொல்லி, ஆபரேசன் மேசையிலேயே அவள் போய்விட்டால், அதற்கப்புறம் தான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பது? நூல் சிக்கலாகிவிட்டது.

"எம்புட்டு நேரம்ப்பா? அங்குட்டும் இங்குட்டும் நடந்துக்கிட்டே இருக்கீக" என்று சித்ரா காரிலிருந்து ஹாரன் அடித்தாள்.

ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. நாணயமாகவே கட்டிவிட்டார். கட்டி முடித்த பிறகும் தெம்பு வரவில்லை.

காளையார்கோவில் ரோட்டில் பிரிந்து உள்ளே போனால் கருப்பர் கோயில். காரிலிருந்து சன்னதிக்கு நடக்கிற தூரத்தில் பொன்னுத்தாயி இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள். "கையப் பிடிச்சுக்க" என்று அவர் நீட்டினால், "நீங்க மொதல்ல நிதானமா நடங்க. உங்களப் பாத்தாத்தான் எனக்குப் படபடன்னு வருது" என்றாள். சித்ரா உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரி நம்பரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள்.

பூசாரி சோணை பொட்டலங்களை வாங்கி, கருப்பர் காலடியில் போட்டு உருட்டினார். "எடுங்க மதினி" என்று சொல்லிவிட்டு, சூடம் கொளுத்தத் திரும்பிக்கொண்டார்.

பொன்னுத்தாயி குனிந்தாள். அவள் கை ஒன்றின் மேல் போய், அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தது. எது எது என்று கட்டியவருக்கே தெரியவில்லை. ஒரு நிமிசம், நெஞ்சுவலி தனக்குத்தான் வந்துவிட்டதோ என்றுகூட நினைத்தார். அவள் அந்தப்பக்கம் திரும்பி நூலை அவிழ்த்தாள், இலையைப் பிரித்துப் பார்த்தாள், மூடினாள்.

"வெள்ளை" என்றாள். பொட்டலத்தை முந்தியில் முடிந்துகொண்டாள்.

"அப்புறமென்ன, அவரு உத்தரவு கொடுத்துட்டாரு" என்று சோணை திருநீறு அள்ளிக் கொடுத்தார். சேவுகப்பெருமாள் அதை நெற்றியில் பூசினாரா கண்ணில் பூசினாரா என்று தெரியாது. கண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாணயமாகக் கேட்டும் சாமி சரியென்று சொல்லிவிட்டார். பழைய பொய்யை மன்னித்துவிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவருக்குப் பசித்தது.

மிஞ்சின பொட்டலத்தைச் சோணை அவர் கையில் கொடுத்தார். அதை ஊருணியில் விடப் போனார். விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் வேண்டாம் என்று சாமி ஒதுக்கிய அந்தச் சிவப்பைக் கண்ணால் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கடைசிப் படியில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நூலைப் பிய்த்தார்.

உள்ளே நந்தியாவட்டை இருந்தது. வெள்ளை வெளேரென்று.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பழக்கதோசத்தில் மறுபடியும் இரண்டிலும் வெள்ளையை வைத்துவிட்டோமோ என்று பார்த்தார். இல்லை. செவ்வரளியைப் பறித்ததும், அதை மடித்ததும், அதன் பால் விரலில் ஒட்டியதும் நன்றாக ஞாபகம் இருந்தது. அப்படியானால் அவள் முந்தியில் இருப்பது சிவப்பு.

பின்னால் மெல்ல நடந்து வருகிற சத்தம் கேட்டது. பொன்னுத்தாயிதான். மூச்சு வாங்கிக்கொண்டே வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். பொட்டலத்தை மறைக்க அவருக்குத் தோன்றவில்லை. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பிரிச்சிட்டீகளா?"

"பொன்னு, உனக்கு வந்தது…"

"சிவப்புத்தான்."

அவர் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார், கருப்பர் எழுந்து வந்துவிடுவாரோ என்பதுபோல. "சாமி வேணாம்னு சொல்லியிருக்காரு. நீ போய்…"

"சொல்லிட்டுப் போறாரு" என்றாள் பொன்னுத்தாயி. "அவரு சொன்னா எது வந்தாலும் மனசு அடங்கிரும்னு நெனச்சேங்க. பிரிச்சுப் பாத்தா, சிவப்பா கெடக்கு. எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. எனக்கு இன்னும் இருக்கணும்போல இருக்கு. அது எனக்கே அப்பத்தான் தெரிஞ்சது."

இத்தனை வருசத்தில் அவள் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அவள் உயிருக்காக அன்றைக்குச் சாமியையே ஏமாற்றியவர், அவளிடம் நேராக உட்கார்ந்து, நீ இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. உனக்கு இருக்க ஆசையா என்று கேட்டதும் இல்லை. வெட்கமாக இருந்தது.

"இரு ஆத்தா" என்றார். "நீ இருக்கணும். அன்னைக்குக் கரண்ட் வைக்கப் போகும்போது நான் உனக்கு ஒண்ணு…"

"அத ஆபரேசன் முடிஞ்சு சொல்லுங்க. கேக்குறதுக்கு நான் இருப்பேன்ல?" அவள் கையை நீட்டினாள். "தூக்கி விடுங்க."

சித்ரா போனைக் காதில் வைத்தபடியே வரப்பில் ஓடிவந்தாள். "ஆஸ்பத்திரியில லைன்ல இருக்காக. என்னப்பா சொல்லட்டும்?"

சேவுகப்பெருமாள் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, மகள் கையிலிருந்து போனை வாங்கிப் பொன்னுத்தாயியிடம் கொடுத்தார்.

அவள் முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் பொன்னுத்தாயி பேசுறேம்மா. ஆபரேசன் எனக்குத்தான். வாரேன்னு எழுதிக்கங்க" என்றாள்.