பின்னால் நின்றவள்

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டில் மனைவியும் கோபம் இல்லாத நேரங்களில் அவரை மாஸ்டர் என்றே கூப்பிடுவாள். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்த தைரியத்தில், பக்கத்தில் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்திருப்பவர் "ஐயோ, நிறுத்துங்க" என்று அலறினாலும் அவர் பாட்டுக்கு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார். பயத்தில் கத்துகிறவர்கள் பேச்சைக் கேட்டால் ஒரு வண்டியும் கேட்டைத் தாண்டாது என்பது அவர் கட்சி. அலறலுக்குக் காது கொடுக்காமல் இருப்பதே தொழிலாகிவிட்ட மனிதர்.

இப்பேர்ப்பட்டவர் பிள்ளைகளின் விடுமுறைக்கு ஒரு கேம்பர் வண்டியை வாடகைக்கு எடுத்தார். உள்ளேயே படுக்கை, அடுப்பு, கை அலம்பத் தொட்டி என்று ஒரு குட்டி வீடே இருந்தது. ஏழு வயது மகள் மேல்படுக்கை தனக்குத்தான் என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் எல்லோரும் உருண்டை என்று கூப்பிடும் நாலு வயது மகன் தொட்டிக் குழாயைத் திறந்து திறந்து மூடினான். வண்டி பின்சக்கரத்துக்கு அப்புறமும் ஒரு ஆள் நீளத்துக்கு வால் விட்டிருந்தது.

"முன்னாடி எடுத்துத் திருப்பும்போது வால் எதிர்ப்பக்கம் வீசும் சார். பின்னாடி ஒரு ஆளை நிறுத்திக்கோங்க" என்றான் வாடகைக்கடைக்காரன்.

"எனக்கேவா?" என்று மாஸ்டர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. அவள் குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஒருவர் சொல்வதை முழுசாகக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு உண்டு.

அருவிகளுக்குக் கீழே இருந்த முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம். அவர்களுக்கு ஒதுக்கிய இடம் இரண்டு மரங்களுக்கு நடுவே. பக்கத்து இடத்தில் அகலமான தொப்பி போட்ட ஒருவர் குடும்பத்தோடு கூடாரம் அடித்திருந்தார். அவர் மகளின் சிவப்பு சைக்கிள் ஒரு மரத்தில் சாய்ந்திருந்தது.

மனைவி இறங்கிப் பின்னால் போய் நின்றாள். பிள்ளைகள் அவளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். மாஸ்டர் ரிவர்ஸ் எடுத்தார். வண்டி கோணலாகப் போயிற்று. சரி செய்ய, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து முன்னால் எடுத்தார்.

"நிறுத்துங்க! வால் இடிக்குது, நிறுத்துங்க!" என்று மனைவி கத்தினாள். வண்டியின் தகரத்தில் படார் படாரென்று தட்டினாள்.

அவருக்குக் கேட்டது. கத்தினதும் கேட்டது, தட்டினதும் கேட்டது. ஆனால் அந்தக் குரல் காதில் விழுந்ததுமே அவருக்குள் இருந்த வாத்தியார், பயப்படுறா, பாவம் என்று முடிவு கட்டிவிட்டார். கால் பிரேக்குக்குப் போகவில்லை. அப்புறம்தான் அந்தச் சத்தம் வந்தது. சைக்கிளின் பின்சக்கரம் மரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் சிக்கி அப்பளமாய் நொறுங்கியிருந்தது.

அவர் இறங்கியபோது சுற்றிலும் ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் சோப்பு நுரையோடு பாத்திரம். தொப்பிக்காரரின் மகள் அழத் தயாராக நின்றாள். அத்தனை கண்களுக்கும் முன்னால் மாஸ்டரின் வாய் அவரைக் கேட்காமலேயே திறந்துகொண்டது.

"நீதானே வா வான்னு கை காட்டின? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தொப்பிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சுக்கோங்க. நான்தான் சரியா கவனிக்கல."

அந்தச் சின்னப் பெண்ணின் முன்னால் குனிந்து அவளிடமும் அதையே சொன்னாள். மகள் அம்மாவின் துப்பட்டா நுனியைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் டயரைக் குனிந்து பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

மனைவி சண்டை போட்டிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ பையை எடுத்துக்கொண்டு, "வாங்க, வெயில் தணிஞ்சிடுச்சு, அருவிக்குப் போகலாம்" என்றாள். மரங்களில் மஞ்சள் பெயிண்ட் அடையாளம் போட்ட ஒற்றையடிப் பாதை. பாசி பிடித்த கல்லில் உருண்டை வழுக்கி உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தான். முதல் அருவி வேலிக் கம்பி அளவுக்கு மெலிதாக விழுந்தது. "இதுல குழாயை மூட மறந்துட்டாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார், ஆனால் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு.

சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நினைத்தார். அடுத்த திருப்பத்தில் சொல்லலாம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தள்ளிப்போட்டார். கிளட்ச் என்றால் என்னவென்று ஆயிரம் தடவை அலுக்காமல் சொன்ன வாய்க்கு, தப்பு என்னுது என்ற இரண்டு சொல் வரவில்லை.

பெரிய அருவியின் அடியில் அகலமான குட்டை. தொப்பிக்காரர் குடும்பமும் அங்கே கால் நனைத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மூன்றும் ஒரு நிமிஷத்தில் ஒன்றாகிவிட்டன. தொப்பிக்காரர் நல்ல மனிதர். தானாகவே பேச்சு கொடுத்தார்.

"அதையே நினைச்சுட்டு இருக்காதீங்கம்மா. பின்னாடி நின்னு வழி காட்றது ஒண்ணும் லேசான வேலை இல்ல. பழக்கம் இல்லாதவங்களுக்குத் தடுமாறத்தான் செய்யும்." பிறகு மாஸ்டரைப் பார்த்து, "நீங்களும் அவங்களை ரொம்பத் திட்டாதீங்க சார்" என்றார்.

இதோ, தட்டில் வைத்து நீட்டின மாதிரி ஒரு வாய்ப்பு. மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? தலையை ஆட்டினார். போனால் போகிறது, மன்னித்துவிட்டேன் என்கிற மாதிரி, பெரிய மனுஷத்தனமாக ஆட்டினார். மனைவி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

பிள்ளைகள் பாறைக்கு அந்தப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நீளமான ஒரு கல்தான் கேம்பர். உருண்டை அதைத் தள்ளிக்கொண்டு போய், சைக்கிளாக வைத்திருந்த ஒரு குச்சியில் மோதினான்.

"கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று அதட்டினான். இடுப்பில் கை வேறு.

"இப்ப நீ மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லணும்" என்று மகள் தொப்பிக்காரரின் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"நான் ஏன் சொல்லணும்? அவன்தானே இடிச்சான்?"

"நீதானே அம்மா? அம்மாதான் சொல்லணும்."

அந்தப் பெண் மாட்டேன் என்று உதட்டைப் பிதுக்கினாள். "சரி விடு, நானே அம்மா" என்றாள் மகள். குச்சியின் முன்னால் குனிந்து, அச்சு அசலாகத் தன் அம்மாவின் குரலில், மன்னிச்சுக்கோங்க, நான்தான் சரியா கவனிக்கல என்றாள். எவ்வளவு அழகாகச் சொன்னாள்! நன்றாகப் பழகின வாய்.

மாஸ்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. இதைத்தான் நான் வீட்டில் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று தோன்றியது. எழுந்து தொப்பிக்காரரிடம் போனார்.

"சார், அவ தப்பு இல்ல. அவ நிறுத்துன்னு கத்தினா. எனக்கு நல்லாவே கேட்டுச்சு. நான் நிறுத்தல. நிறுத்தாம இடிச்சுட்டு, உங்க எல்லார் முன்னாடியும் பழியை அவ தலையில போட்டேன்."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். மனைவி தலை நிமிரவில்லை. மாஸ்டர் தொப்பிக்காரரின் மகளிடமும் போய், சைக்கிளை இடித்தது நான்தான் என்று சொன்னார். கடைசியாகத் தன் மகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"குட்டி, அம்மா ஒண்ணுமே பண்ணல. அப்பாதான் இடிச்சேன். அப்பா பொய் சொன்னேன்டா."

மகளுக்கு ஆச்சரியமாக இருக்கும், கோபமாக இருக்கும், ஒருவேளை கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் அவர் நினைத்திருந்தார். அவள் முகம் வெளுத்துப் போனது. கையிலிருந்த குச்சியைப் போட்டுவிட்டுத் தண்ணீரைச் சலசலவென்று மிதித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள்.

"அம்மா, சத்தியமா நான் சொல்லல. எங்களுக்குத் தெரியும்னு அப்பாகிட்ட நான் சொல்லவே இல்லம்மா. தம்பியும் சொல்லல. போன தடவை நீ சொன்ன மாதிரியே நாங்க ரெண்டு பேரும் சும்மாதான் இருந்தோம்."

மனைவி அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இல்லடா, நீ சொல்லல" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். வார்டில் ஊசிக்குப் பயப்படும் பிள்ளைகளிடம் பேசும் குரல் அது. மாஸ்டர் முழங்கால் வரை நனைந்து, போன தடவை எது என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் நின்றார்.