சக்கரத்துக்கு ஆறு கிலோ

பார்சல் அலுவலகத்தில் பதினோரு வருஷமாக எடை போடுகிறவளிடம் போய், "இது ஏழு கிலோதாம்மா" என்று ஒரு டயர் கடைக்காரர் அளந்து விட்டால் என்ன ஆகும்? மூக்கறுபடும். அதுதான் ஆனது.

அவள் அந்தச் சக்கரத்தை இரண்டு கையாலும் மார்பு உயரத்துக்குத் தூக்கினாள். ஒரு மூச்சு வைத்திருந்தாள். இறக்கினாள்.

"ஒம்பதுக்கு மேல இருக்கு."

"என்னம்மா நீங்க, கம்பெனிக்காரன் புத்தகத்துலயே ஏழுன்னு போட்டிருக்கான்."

"புத்தகத்த மாட்டிக்கிட்டா ஓட்டப் போறேன்? தராசு இருந்தா எடுங்க."

தராசு வந்தது. ஒன்பது கிலோ இருநூறு கிராம். கடைக்காரர் அசடு வழிந்து, வழிந்ததைக் கைக்குட்டையால் துடைத்தும் கொண்டார். அவருக்கு எப்படித் தெரியும், அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'தராசு' என்று? பெட்டியைக் கையில் வாங்கும்போதே எடை சொல்லிவிடுவாள். அந்தப் பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. அண்ணன்கூட அப்படித்தான் கூப்பிடுவான்.

அவள் தூக்கிப் பார்த்தது சும்மா இல்லை. அதே சக்கரம் நாலு, பளபளவென்று, அவர்கள் காரில் மாட்டியிருந்தது. அண்ணன் தேர்வு. பதினேழு அங்குலம், கறுப்பில் சிவப்புக் கோடு, அதன்மேல் கடையிலேயே அகலமான டயர். பார்க்க ஜோராக இருக்கும். கண்காட்சியில் நிறுத்தலாம்.

கார் அவர்கள் இருவருக்கும் பொது. பழைய சின்னக் கார், ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. பின்சீட்டைக் கழற்றி, கவிழ்ந்தாலும் நசுங்காமலிருக்க உள்ளே கம்பிக் கூண்டு வைத்து, மாதம் ஒருமுறை பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே பந்தயம் கிடையாது. பணம் கட்டியவர்கள் தங்கள் சொந்த வண்டியை ஆசை தீர விரட்டி, தங்கள் நேரத்தைத் தாங்களே முந்தப் பார்ப்பார்கள். ஆனால் ஒரு விதி உண்டு. ஒரு வண்டிக்கு ஒரு ஓட்டுநர் பெயர்தான் வருஷத்துக்குப் பதிவாகும். மூன்று வருஷமாக அது அண்ணன் பெயர். ஏன் என்று கேட்டால், மூத்தவன் என்பான். இவள்? நட்டு முறுக்குவாள், டயரில் காற்றழுத்தம் பார்ப்பாள், கண்ணாடி துடைப்பாள். சாயங்காலம் தடத்தை யாருக்கும் திறந்துவிடும் கடைசிக் கால்மணி நேரம் மட்டும், அண்ணன் ஓட்டித் தேய்த்துச் சூடேற்றி வழுக்கவிட்ட டயரில் இவளுக்கு ஒரு 'மிச்சம்' கிடைக்கும். அந்த மிச்சத்தில்தான் கற்றாள்.

இந்த வருஷம் பதிவு நெருங்கியதும் அவள் சொல்லிவிட்டாள்.

"அண்ணா, இந்தத் தடவ என் பேரு."

அண்ணன் சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அவன் கொஞ்சம் வீறாப்பாகவே சொன்னான்: "என்னோட பெஸ்ட் தெரியும்ல? ஒரு நிமிஷம் முப்பத்திரண்டு புள்ளி நாலு. அதுக்குக் கீழ ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிடு. பேரு உன்னுது. இல்லேன்னா இந்தப் பேச்ச இனிமே எடுக்கவே கூடாது."

"எழுதிக்கவா?"

"எதுக்கு எழுதணும்? உங்க அண்ணி சாட்சி."

"என் சக்கரம், என் டயர்."

"உன் இஷ்டம். நீ மாட்டு வண்டிச் சக்கரத்த மாட்டினாலும் எனக்கென்ன?"

இப்படித்தான் அவள் அந்தக் கடையில் வந்து நின்றாள். ஓட்டுநர் சீட்டு கிடைக்க வேண்டும், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வாயை மூடுவது அவளுக்குப் பழக்கமே இல்லாத வேலை.

அகலமும் பளபளப்பும் அவளுக்கு வேண்டாம். பையில் வைத்த கல்லும் காலில் கட்டிய கல்லும் ஒன்றா? சுற்றுகிற இடத்தில் இருக்கிற எடையை ஒவ்வொரு முறையும் இழுத்து எழுப்ப வேண்டும், ஒவ்வொரு முறையும் பிடித்து நிறுத்த வேண்டும். அவர்கள் கார் எஞ்சினோ பாவம், நோஞ்சான். அதன் காலில் போய் இரும்பைக் கட்டியிருக்கிறான் மகாராசன்.

கடைக்காரர் மாடியிலிருந்து பதினைந்து அங்குலச் சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்தார். மெலிந்த ஆரக்கால்கள், வெள்ளி நிறம், அலங்காரம் ஒன்றுமில்லை. தூக்கினாள். சிரிப்பே வந்துவிட்டது.

"அஞ்சரைக்கும் கம்மி."

தராசு ஐந்து கிலோ நானூறு என்றது. கடைக்காரர் இனி அவளோடு வாதாடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டது முகத்தில் தெரிந்தது. ஆனால் டயரில் விட்டுக்கொடுக்கவில்லை.

"அகலமா போடுங்கம்மா. அகலம்னா பிடிப்பு."

"கனமான வண்டிக்குச் சரி. இது எடையே இல்லாத வண்டி. ரப்பர் கொஞ்சம் சூடானாத்தான் பிடிக்கும்; அகல டயரு சூடாகுறதுக்குள்ள எங்க நேரம் முடிஞ்சிரும். ஒடுக்கமா, மிருதுவான ரப்பரா குடுங்க. ரொம்ப மிருதுவும் வேண்டாம், ரெண்டாவது ரவுண்டுலயே கொழகொழன்னு ஆயிரும்."

"பாக்க எடுப்பா இருக்காதேம்மா."

"நான் உள்ள உக்காந்திருப்பேன். எனக்கெங்க தெரியப்போவுது?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். டயரைத் தனியாக எடை போட்டார்கள்: ஏழு கிலோ நானூறு. அண்ணனுடையது பத்து. சக்கரத்தின் எடையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள், டயருக்கும் எடை உண்டு என்பதை மறந்துபோகிறார்கள். அண்ணன் மறந்தவர்களில் தலையாயவன்.

"டயர் ஏத்துறதுக்கு முன்னாடி வெறும் சக்கரத்த வண்டில மாட்டிப் பாத்துட்டு வந்திருங்க" என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். புண்ணியவான்.

கொட்டகையில் காரை முட்டுக்கொடுத்துத் தூக்கி, முன்சக்கரத்தை வைத்து, கையால் சுற்றினாள். சுற்றவில்லை. 'டக்'கென்று நின்றது. பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், ஆரத்தில் போய் இடித்தது. அண்ணன் போன வருஷம் பெரிய பிரேக்காக மாற்றியிருந்தான். அவளே கூடநின்று முறுக்கிய போல்ட்டு அது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு அன்றைக்கு வேறு சந்தோஷமே தேவைப்படவில்லை.

"அடடா! எடை சரியா இருக்கு, சக்கரம்தான் சுத்தல! தராசு, சக்கரம்னா சுத்தணும்மா. யாரும் சொல்லித் தரலியா?"

அவளுக்கு அவமானத்தில் காது சூடேறியது. கவுண்டரில் நாளுக்கு நூறு பேரிடம், "எடை மட்டும் போதாது சார், பெட்டியோட அளவும் எடுக்கணும்" என்று சொல்கிறவள். தனக்கென்று வந்தபோது எடையை மட்டும் பார்த்து மயங்கிவிட்டாள். ஊரில் எவள் செய்தாலும் மன்னிக்கலாம், இவள் செய்யலாமா?

"பழைய பதினேழ மாட்டிக்கோ. இதுல வீம்பு எதுக்கு?" என்றான் அண்ணன், கொஞ்சம் இரக்கமாக. அந்த இரக்கம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நீ உள்ள போ" என்றாள்.

அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த கெட்டி அட்டைப் பெட்டியை வெட்டி, காலிப்பரின் வளைவு எப்படியோ அப்படியே அட்டையை நறுக்கினாள். மையத்திலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு வெளியே துருத்துகிறது, எல்லாம் அந்த அட்டையில் வந்துவிட்டது. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், ஒவ்வொரு சக்கரத்தின் முதுகிலும் பொருத்திச் சுற்றிப் பார்த்தாள். இடிக்கிறது. இதுவும் இடிக்கிறது. கடைக்காரர் நாலு முறை ஏணி ஏறி இறங்கினார். ஐந்தாவதில் ஆரம் கொஞ்சம் வெளியே வளைந்திருந்தது. அட்டை இடிக்காமல் சுற்றி வந்தது.

ஐந்து கிலோ எண்ணூறு. நானூறு கிராம் கூடுதல். அந்த நானூறு கிராம் அவளுக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் டயரோடு சேர்த்துப் பதின்மூன்று கிலோ இருநூறு. அண்ணனுடையது பத்தொன்பது இருநூறு. சக்கரத்துக்கு ஆறு கிலோ மிச்சம்.

தடத்துக்குப் போனது பதிவுக்கு முந்தைய வெள்ளோட்ட நாளில்; அன்றைக்கு யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். காலையில் வெயில் நன்றாக இருந்தது. அண்ணி ஸ்டாப்வாட்ச்சோடு சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அண்ணிக்கு அண்ணன் கட்சியும் கிடையாது, நாத்தனார் கட்சியும் கிடையாது. எண் என்ன சொல்கிறதோ அதுதான். அண்ணன் பக்கத்துக் கூடாரக்காரர்களைக் கூட்டி, ஒடுக்கமான டயரைக் காட்டி, "சைக்கிள்ல இருந்து கழட்டிட்டு வந்திருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவர்களும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

முதல் சுற்று ரப்பர் சூடாகவில்லை, வண்டி வளைவில் வெளியே தள்ளியது. இரண்டாவது சுற்றில் பிரேக்கை வழக்கமான இடத்தில் மிதித்தாள். வண்டி சீக்கிரமே அடங்கிவிட்டது, வளைவு இன்னும் வரவே இல்லை. அப்போதுதான் உறைத்தது. இன்னும் தள்ளி மிதிக்கலாம். மூன்றாவதில் தள்ளி மிதித்தாள். முப்பத்திரண்டு புள்ளி ஒன்பது. நான்காவதில் வளைவை விட்டு வெளியே வரும்போது அந்த நோஞ்சான் எஞ்சின் முதல்முறையாக மூச்சு வாங்காமல் எழுந்தது. முப்பத்திரண்டு புள்ளி ஆறு. ஐந்தாவது சுற்றில் அவள் எதையும் கணக்குப் பார்க்கவில்லை, தடத்தை மட்டும் பார்த்தாள்.

திரும்பி வந்து நின்றதும் அண்ணி எழுந்து வந்தாள். யாரும் கேட்காமலே சத்தமாகச் சொன்னாள்:

"ஒரு நிமிஷம் முப்பத்தொண்ணு புள்ளி எட்டு."

அண்ணன் ஸ்டாப்வாட்ச்சை வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். அதில் வேறு எண் ஒன்றும் இல்லை.

"சரி. சக்கரம் நல்லாதான் ஓட்டிருக்கு."

"என்னது?"

"சக்கரம் ஓட்டிருக்குன்னேன். அதுல யார உக்கார வச்சாலும் இந்த நேரம் வந்திருக்கும். என் சக்கரத்தப் போட்டு ஓட்டிக் காட்டு, அப்ப ஒத்துக்கறேன். நட்டு நானே முறுக்கித் தரேன். பத்து நிமிஷ வேல."

பக்கத்துக் கூடாரக்காரர்கள் தலையாட்டினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இறங்குவதற்காக அவள் கைகூடத் தானாக சீட் பெல்ட்டுக் கொக்கிக்குப் போனது. கவுண்டரில் யார் சந்தேகப்பட்டாலும் பெட்டியை மறுபடியும் தராசில் வைத்துக் காட்டுவாள். வையாவிட்டால் வேலை போகும். ஆனால் இங்கே அவள் வேலைக்கு வரவில்லை.

கையை எடுத்துக்கொண்டாள்.

"மாட்டேன்."

"ஏன், பயமா?"

"ஆமா, பயம்தான். இன்னிக்கு உன் சக்கரத்துல காட்டுன்னுவ. காட்டினா, மழையில காட்டுன்னுவ. அதுலயும் காட்டினா, கண்ணக் கட்டிக்கிட்டுக் காட்டுன்னுவ. நான் சாகுற வரைக்கும் உனக்குக் காட்டிக்கிட்டே இருக்கணுமா? நீ ஒரு நேரம் சொன்ன. நான் அதுக்குக் கீழ வந்துட்டேன். முடிஞ்சுது."

"சக்கரம்..."

"அந்தச் சக்கரம் என்ன வானத்துல இருந்து விழுந்துச்சா? தூக்கிப் பாத்தது யாரு? இடிச்சப்ப நீ சிரிச்ச, அட்டைய வெட்டுனது யாரு? இந்த டயர் போதும்னு சொன்னது யாரு? எதப் போட்டு ஓட்டணும்னு தெரியறதும் ஓட்டறதுலதான் சேத்தி. உனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது."

அண்ணி நடுவில் ஒரே வார்த்தைதான் பேசினாள். "என்னங்க, நான்தானே சாட்சி?"

அடுத்த ஓட்டத்துக்குக் கொடி அசைத்துவிட்டார்கள். அவள் எஞ்சினைக் கிளப்பினாள். அண்ணன் போய் வண்டிக்கு முன்னால் நின்று, எஞ்சின் மூடியின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். முகம் சிவந்திருந்தது. அவன் பார்வை மட்டும் முன்சக்கரத்தைவிட்டு நகரவே இல்லை. ஆசை. அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஆசை அது. மூன்று வருஷம் சுவரோரம் நின்று அவள் பட்டது.

"எறங்கு. இதே சக்கரத்துல நான் ஒரே ஒரு ரவுண்டு ஓட்டறேன். அப்பத் தெரியும் யாரு வேகம்னு."

அவன் ஓட்டினால் இன்னும் வேகமாகவும் வந்துவிடலாம். அது அவளுக்குத் தெரியும். அதனால் என்ன?

"தாராளமா ஓட்டு" என்றாள். "அடுத்த வருஷம் வந்து கேளு. பாக்கலாம்."

முதல் கியரைப் போட்டாள். ஹாரன் அடிக்கவில்லை, கத்தவில்லை. கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். வண்டி ஒரு விரற்கடை முன்னால் வந்தது. இன்னொரு விரற்கடை. அண்ணன் கையை எடுத்தான். பிறகு நகர்ந்தான்.

தடத்துக்குள் வந்ததும் ஹெல்மெட்டுக்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முதல் வளைவுவரை அழுதாள். வளைவு வந்ததும் அழ நேரமில்லை.