சுண்ணாம்புச் சேறு

கிளெண்டா பின்ச்பெக்கின் மெட்டல் டிடெக்டர் அன்று காலையிலிருந்து குப்பையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. தோட்டாவின் பின்மூடி இரண்டு, டிராக்டரிலிருந்து கழன்று விழுந்த நட்டு ஒன்று, பீர் டப்பா வளையம் நான்கு. ஸ்கார்பி மேட்டில் கோதுமை அறுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மண்ணில் பழம்பொருள் தேடும் கிளப்பின் ஆட்கள் இருபது பேரும் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கருவியைத் தரையோடு தரையாக வீசியபடி, ஆளுக்கொரு திசையில் நடந்துகொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அறுபத்தெட்டு வயது. கணவர் ரோலண்ட் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரோடு வந்து பழகியவள், அவர் போன பிறகும் வருவதை நிறுத்தவில்லை. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது மேல்.

பதினோரு மணி வாக்கில், வேலியோர ஓக் மரத்துக்குச் சற்றுக் கீழே, கருவி அழுத்தமாக ஒரு குரல் கொடுத்தது. அந்த மேட்டின் வெளுத்த சுண்ணாம்பு மண்ணில் மண்டியிட்டுத் தோண்டினாள். ஒரு சாண் ஆழத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு உலோகத் துண்டு. கட்டைவிரலால் மண்ணைத் தள்ளியதும் பொன்முலாம் பளிச்சென்றது. முறைத்துப் பார்க்கும் ஒரு மனித முகம், அதன் இருபக்கமும் வாயைப் பிளந்த இரண்டு விலங்குகள். மேல்விளிம்பு மட்டும் சாய்வாக உடைந்திருந்தது.

இது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதன் மேல்பாதி அவள் வீட்டு வரவேற்பறையில், ரோலண்டின் உள்ளங்கையில், சட்டம் போட்ட புகைப்படமாகப் பதினொரு வருடமாக இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை அவள்தான் தூசி துடைக்கிறாள். அதே மாதிரி முகம், அதே மாதிரி விலங்குகள். அந்தச் சாய்வான உடைப்பும் அதேதான்.

கிளப் தலைவர் ட்ரெவர் ஓட்லிங் அந்தப் பக்கமாக வந்தார்.

"என்னம்மா கிளெண்டா, முட்டி போட்டு ஜெபம் பண்ற? எதாவது கிடைச்சுதா?"

"பீர் டப்பா வளையம்தான்."

"நீ சேத்து வச்சிருக்கிறதுக்கு ஒரு மதுக்கடையே திறக்கலாம்." சிரித்துக்கொண்டே அவர் போனார்.

கிளெண்டா அந்தத் துண்டைக் கையுறைக்குள் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தாள். குழியை மூடி மிதித்துவிட்டாள். எழுந்திருக்கத்தான் கொஞ்சம் நேரமானது.

பதினொரு வருடத்துக்கு முன்பு ஸ்கார்பி மேடு கிளப் தோண்டும் நிலமாக இருக்கவில்லை. அதன் சொந்தக்காரக் கிழவி திருமதி டவுஸ், தன் பழைய டிராக்டரைச் சரிசெய்து கொடுத்த நெவில் ஸ்க்ரிம்ஷாவுக்கு மட்டும் அங்கே தோண்ட அனுமதி கொடுத்திருந்தாள். நெவிலும் ரோலண்டும் ஒரே பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர்கள். நெவில் ரோலண்டை இரண்டு முறை அங்கே கூட்டிப்போனார். ஒரே ஒரு நிபந்தனை: நான் இல்லாமல் நீ போகக் கூடாது.

அந்த அக்டோபரில் நெவிலின் மனைவி ஈனிட்டை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நெவில் இரவும் பகலும் அங்கேயே கிடந்தார். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, தாழ்வான சதுப்பு நிலத்திலிருந்த பிளாக்டைக் பண்ணையில் கிளப் தோண்டியபோது, மதியம் சாப்பாட்டு வேளையில் ரோலண்ட் கையைத் தூக்கிக் கத்தினார். எல்லோரும் ஓடினார்கள். கறுப்பு மண் அப்பிய அவர் கையில், ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய சாக்சன் பெண் ஒருத்தி மேலாடையில் குத்தியிருந்த ப்ரோச்சின் பாதி. பத்திரிகையில் படம் வந்தது. பண்ணைக்காரர் பெருமையோடு அதை நகர அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

ஈனிட் வீட்டுக்கு வந்த பிறகு நெவில் ஸ்கார்பிக்குப் போய்ப் பார்த்தார். புதிதாகத் தோண்டிய குழிகள் இருந்தன. அந்த ப்ரோச்சை இங்கேதான் எடுத்தாயா என்று ரோலண்டிடம் கேட்டார். ரோலண்ட் இல்லை என்றார். நெவில் கிளப் கூட்டத்தில் எழுந்து அதையே கேட்டார். நண்பன் மேல் பொறாமையில் அவதூறு சொல்கிறார் என்று சொல்லி, கைதூக்கச் சொல்லி, அவரை நீக்கினார்கள். கிளெண்டாவும் கையைத் தூக்கினாள்.

திருமதி டவுஸ் போன வருடம் இறந்துபோனாள். நிலம் அவள் அண்ணன் மகனுக்கு வந்தது. அவன் பழைய கதை எதுவும் தெரியாமல் கிளப்புக்கு அனுமதி கொடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை கிளெண்டா அருங்காட்சியகம் திறந்த கையோடு உள்ளே போனாள். கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று, தன் துண்டை எடுத்துக் கண்ணாடியின் மேல், அந்த உடைப்புக்கு நேராகப் பிடித்தாள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது கண்ணாடியின் தடிமன் மட்டும்தான். 'கண்டெடுத்தவர்: ரோலண்ட் பின்ச்பெக், பிளாக்டைக்' என்று கீழே எழுதியிருந்தது.

அங்கிருந்து நேராக நெவில் வீட்டுக்குப் போனாள். கதவைப் பாதி திறந்தவர், பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

"நீயா?"

"உள்ள வரலாமா நெவில்?"

"எதுக்கு?"

அவள் பையிலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். அவர் தொடவில்லை. சட்டைப்பையிலிருந்த மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஸ்கார்பியா?"

"ஆமா. வேலியோரம்."

"ஓக் மரத்துக்குக் கீழ. அங்கதான் மூணு குழி இருந்துது. ஒழுங்கா மூடக்கூட இல்ல அந்தத் திருட்டுப் பய." குரல் உயரவில்லை. "வா. வாசல்ல நிக்காத."

சமையலறையில் அவளை உட்காரச் சொன்னார். டீ போடுகிறேன் என்று சொல்லவில்லை. அந்த ஊரில் எந்த வீட்டிலும் அவளுக்கு அப்படி நடந்ததில்லை.

"இப்பதான் தெரிஞ்சுதா உனக்கு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அப்படிச் சொல்லத்தான் நினைத்திருந்தாள்.

"அந்தச் சனிக்கிழமை நடக்கப் போறேன்னு போனாரு. பேன்ட்ட நான்தான் துவைச்சேன். முட்டி ரெண்டும் வெள்ளை வெளேர்னு சுண்ணாம்புச் சேறு. மறுநாள் பேன்ட்டுல பிளாக்டைக் கறுப்பு மண்ணு. ரெண்டையும் ஒரே வாளியிலதான் ஊறப் போட்டேன்."

"அவன்கிட்ட கேட்டியா?"

"கேக்கல."

"ஏன்?"

"அப்பதான் படம் எடுக்க வந்திருந்தாங்க. அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு."

"ஆனா கையத் தூக்கின."

"தூக்கினேன்."

நெவில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அஞ்சு மாசத்துல ஈனிட் போய்ட்டா. அடக்கத்துக்கு எத்தன பேரு வந்தாங்க தெரியுமா? ஒம்போது பேரு. அதுல நாலு பேரு பெட்டி தூக்க வந்த கூலி ஆளுங்க. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு உங்க அத்தன பேருக்கும் கேக் செஞ்சு கொடுத்தவ. கிளப்லேருந்து ஒரு பூங்கொத்து வரல. நீ வரல. தெருவுல பாத்தா அந்தப் பக்கம் போயிடுவீங்க, ஏதோ எனக்குத் தொத்து வியாதி மாதிரி."

"நெவில்..."

"இத எதுக்கு எங்கிட்ட கொண்டாந்த? இங்க வச்சுட்டு நீ போய் நிம்மதியா தூங்கவா?"

"நான் என்ன செய்யணும்? சொல்லுங்க."

"எந்த மண்டபத்துல கையத் தூக்கினியோ, அங்கயே எந்திரிச்சு நின்னு சொல்லு. பேன்ட்டு கதையையும் சேத்துச் சொல்லு. அப்புறம் என்ன வேணா பண்ணு. இந்தப் பக்கம் வராத."

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்ப் பொதுமண்டபத்தில் கூட்டம். டீயும் பிஸ்கட்டும் ஆனதும், அந்த மாதம் கண்டெடுத்தவற்றை மேஜையில் பரப்புவார்கள். அந்த வருடத்தின் சிறந்த கண்டெடுப்புக்கு ரோலண்ட் பின்ச்பெக் நினைவுக் கோப்பை. அது ட்ரெவருக்குப் பக்கத்தில் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. கிளெண்டா தன் துண்டை மேஜையில் வைத்தாள். முதலில் எல்லோரும் கைதட்டினார்கள். பெண் ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்தாள். பிறகு அவள் அது எங்கே கிடைத்ததென்று சொன்னாள். வாளியில் ஊறிய இரண்டு பேன்ட்டைப் பற்றியும் சொன்னாள்.



"அந்தக் காலத்துல ஒரு பாதி மட்டும் எரு வண்டியில மண்ணோட மண்ணா பிளாக்டைக் போயிருக்கும்" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"எட்டு மைல் தூரமா?" என்றாள் கிளெண்டா.

"இல்லன்னா அக்கா தங்கச்சி ரெண்டு பேரு ஒடைச்சுப் பங்கு போட்டிருப்பாங்க. எங்க வீட்டுல தட்டையே அப்படித்தான் பிரிச்சாங்க." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ட்ரெவர் கையமர்த்தினார். "இங்க பாரும்மா. மனுஷன் செத்துப் போயிட்டான். அவன் எந்திரிச்சு வந்து பதில் சொல்ல முடியுமா?"

"நெவில் உயிரோடதான இருந்தாரு. எந்திரிச்சு நின்னு சொன்னாரே. நாம கேட்டமா?"

"அதெல்லாம் முடிஞ்சு போன விஷயம். அன்னிக்கு நமக்கு என்ன தெரியுமோ அத வச்சு முடிவெடுத்தோம்."

"எனக்குத் தெரிஞ்சிருந்துது ட்ரெவர். அதத்தான் சொல்லிட்டிருக்கேன்."

"ரோலண்ட் போனதுலேருந்து பாவம், அவ ஒரு நிதானத்துல இல்ல" என்று யாரோ பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது கிளெண்டாவுக்கு நன்றாகவே கேட்டது. முதலில் கட்டிப்பிடித்த அதே பெண்தான்.

இந்தப் பேச்சைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று ட்ரெவர் முன்மொழிந்து, கைதூக்கச் சொன்னார். அறை முழுக்கக் கைகள் எழுந்தன. முகங்களை விட்டுவிட்டுக் கைகளையே பார்த்தாள் கிளெண்டா. எல்லாம் மண் தோண்டித் தோண்டி நகக்கண் கறுத்த கைகள்.

மறுநாள் அவள் மாவட்டத்தில் தொல்பொருள்களைப் பதிவு செய்யும் அதிகாரியிடம் போனாள். இமோஜன் என்ற அந்த இளம்பெண் அருங்காட்சியகத்திலிருந்து மேல்பாதியை வரவழைத்து, இரண்டையும் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துச் சேர்த்தாள். ஒட்டிக்கொண்டது போல் இருந்தது. கிளெண்டா சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு, "இத நீங்க சொல்லாமலே விட்டிருக்கலாம்" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். கிளெண்டாவுக்கு அது பாராட்டாகப் படவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. பிளாக்டைக் பண்ணைக்காரருக்குத் தகவல் போனது. தன் நிலத்தில் கிடைக்காத பொருளைத் தன் பொருளென்று தானம் கொடுக்க வைத்து, ஊருக்கு முன்னால் கோமாளியாக்கிவிட்டார்கள் என்று கொதித்துப்போய், கிளப் இனி தன் வாசற்கதவைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். கிளப்புக்கு இருந்ததிலேயே நல்ல நிலம் அதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிளெண்டா எந்தப் பக்கம் நடந்தாலும், அந்தப் பக்கத்தில் ஐம்பது கஜத்துக்கு ஆள் இருப்பதில்லை. அவளுக்கு மட்டும் யாரும் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றவில்லை. நான்கு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். ஐந்தாவது வாரம் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவுமில்லை.

அருங்காட்சியகத்தில் இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்து, புதிதாக அட்டை எழுதினார்கள். 'ஸ்கார்பி. கண்டெடுத்தவர்கள்: ரோலண்ட் பின்ச்பெக், கிளெண்டா பின்ச்பெக்.' நெவிலின் பெயரைச் சேர்க்க முடியாதா என்று இமோஜனிடம் கேட்டாள்.

"அவரு எதையும் கண்டெடுக்கலயே" என்றாள் இமோஜன், தயங்கித் தயங்கி. "சட்டப்படி பாத்தா, உங்க வீட்டுக்காரர்தான் எடுத்தது. இடத்தை மட்டும்தான மாத்திச் சொன்னாரு?"

ஆக, முன்பு கணவரின் பெயர் மட்டும் இருந்த அட்டையில் இப்போது அவள் பெயரும் இருந்தது. உண்மையைச் சொன்னதற்கு அவளுக்குக் கிடைத்தது அதுதான்.

அவள் விடவில்லை. நெவிலை நீக்கியது தவறு என்று கிளப் எழுதித் தர வேண்டுமென்று கடிதம் போட்டாள். ஆறு வாரம் பதில் இல்லை. நவம்பர் கடைசியில் ஒரு நாள் காலை, கதவின் கடிதப் பிளவு வழியாக ஒரு உறை விழுந்தது. தபால்தலை இல்லை. உள்ளே, கிளப் நெவிலுக்கு அனுப்பிய கடிதம். 'பழையவற்றை மறந்து, தாங்கள் புதிய உறுப்பினராக விண்ணப்பித்தால் நிர்வாகக் குழு பரிவுடன் பரிசீலிக்கும்' என்று இருந்தது. கூடவே ஒரு வெற்று விண்ணப்பப் படிவம், 'உங்களை அறிமுகம் செய்யும் இரண்டு உறுப்பினர்களின் கையொப்பம்' என்ற இடத்தில் கிளப் போட்ட பென்சில் குறியோடு. நெவில் அதில் ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை. கிளெண்டா கதவைத் திறந்து பார்ப்பதற்குள் தெரு காலியாகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு சூப்பர்மார்க்கெட்டில் அவரைப் பார்த்தாள். பால் அடுக்கியிருந்த குளிர்பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். அவள் தள்ளுவண்டியை நிறுத்தினாள். அவர் திரும்பி, அவளைப் பார்த்து, "காலை வணக்கம்" என்றார். சூப்பர்மார்க்கெட்டில் யாருக்கும் யாரும் சொல்வது போல.

அன்று சமையலறையில் எவ்வளவோ பேசினோம், மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மண்டபத்திலும் சொல்லவில்லை, கடிதத்திலும் எழுதவில்லை.

"என்ன மன்னிச்சிடுங்க நெவில்" என்றாள். "ஈனிட்டோட அடக்கத்துக்கு நான் வந்திருக்கணும்."

நெவில் ஒரு பால் பாட்டிலை எடுத்து அதன் தேதியைப் பார்த்தார். அதை வைத்துவிட்டு, பின்வரிசையில் கையை விட்டு இன்னொன்றை எடுத்தார்.

"வந்திருக்கணும்தான்" என்று சொல்லிவிட்டு, பணம் கட்டும் வரிசையை நோக்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.