எந்தச் சனிக்கிழமை

எங்கள் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் முப்பது வருடம் கத்தித் தீர்த்துவிட்டு, போன வாரம் ஒரேயடியாக நின்றது. நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் இன்வர்கார்கிலின் குளிர்காலத்தில் அது இல்லாமல் குளித்தால் சுவரெல்லாம் தண்ணீர் வடியும். எலக்ட்ரீசியன் கிர்ஸ்டியை வரச் சொன்னேன்.

என் கணவர் மெர்வ் தன் கையால் மாட்டிய ஃபேன் அது. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் ஸ்விட்ச்சைப் போட்டுக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வார். எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான்: "அதெல்லாம் சரியாயிடும்." குளியலறையின் உட்கூரை மட்டும் சரியாகவே இல்லை. சில வருடங்களில் கன்னங்கரேலென்று பூசணம் பிடித்தது. பழி எங்கள் ஒரே மகன் பிளேர் தலையில் விழுந்தது.

"மணிக்கணக்கா சுடுதண்ணியில நின்னா வீடு அழுகாம என்ன செய்யும்?"

பிளேருக்கு அப்போது பத்தொன்பது வயது. "மேல ஏறிப் பாருங்கப்பா. பாத்தா உங்களுக்கே புரியும்" என்றான், உதட்டோரம் ஒரு சிரிப்போடு.

மறுநாள் மெர்வ் சொன்னார்: "ஏறிப் பாத்துட்டேன். ஃபேன்ல ஒரு குறையும் இல்ல. குறையெல்லாம் உன்கிட்டதான்."

பிளேரின் முகம் செத்துவிட்டது. அந்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான், ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான். இருபத்திரண்டு வருடம். கிறிஸ்துமஸுக்கு எனக்குப் போன் வரும். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அடக்கத்துக்கும் வரவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன்.

கிர்ஸ்டி ஏணி போட்டு, உட்கூரைக்கு மேலே இருக்கும் இடுக்கு வழியாகக் கூரைக்குள் நுழைந்தாள். உள்ளிருந்து குரல் வந்தது.

"நொயலீன், இந்த ஃபேன் குழாய் வெளியவே போகல! கூரைக்குள்ளயே வாயைத் தொறந்துட்டுக் கெடக்கு. இத்தனை வருஷ ஆவியும் உங்க தலைமேலதான். யாரு மாட்டினது, உங்க வீட்டுக்காரரா?"

"வேற யாரு?"

"எல்லா வீட்லயும் இதே கூத்துதான். மிச்சத்தை லீவு நாள்ல முடிச்சுக்கலாம்னு விட்டுருவாங்க… அட, எழுதியே வச்சிருக்காரு!"

கீழே இறங்கி, போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். உத்தரத்தில் பென்சிலால் மெர்வின் குண்டு எழுத்து: "வெளியே கொண்டுபோகணும். சனிக்கிழமை." சனிக்கிழமை என்றால் மெர்வுக்கு ரக்பி. வேறெதுவும் நடக்காது.

அதற்குக் கீழே சாய்ந்த எழுத்தில் இன்னொரு வரி: "எந்தச் சனிக்கிழமைப்பா?"

அது பிளேரின் கையெழுத்து. நான் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

கிர்ஸ்டி புதுக் குழாயைச் சற்றே சரிவாக இழுத்து, வெளிச்சுவரைத் துளைத்து மூடி மாட்டிவிட்டுப் போனாள். நான் பெர்த்துக்குப் போன் போட்டேன்.

"மேல நீ எழுதினதைப் பாத்தேன்டா, பிளேர்."

"அப்பாவும்தான் பாத்தாரும்மா. அதைப் படிச்சுட்டு வந்து என்னையே குத்தம் சொன்னாரு. அதைத்தான் என்னால தாங்க முடியல."

பிளேர் வீட்டைவிட்டுப் போன அந்தக் குளிர்காலம் மெர்வுக்கு முட்டி வீங்கிக் கிடந்தது. வாசலில் ஒரு படி ஏறவே என் தோளைப் பிடித்தார். கூரைக்கு அவர் ஏறவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அவரோடு மல்லுக்கு நிற்க அலுப்பாக இருந்தது; வாயை மூடிக்கொண்டேன்.

"அவர் ஏறவே இல்லடா. பொய் சொன்னாரு. எனக்கு அப்பவே தெரியும்."

"அப்போ… அவரு அதைப் படிக்கவே இல்லையா?"

"இல்லடா."

நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளை போனில் தேம்பினான். "சும்மா வேடிக்கைக்குத்தாம்மா எழுதினேன். பாத்துட்டுச் சிரிச்சிருவாரு, அதோட சண்டை முடிஞ்சிரும்னு நெனச்சேன்."

சிரித்திருப்பார். மெர்வ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். அது எனக்குத் தெரியும் என்பதுதான் தாளவில்லை.