ஓட்டை இல்லாத கார்

நிக்கலஸ் தன் வாழ்நாளில் அடைத்த ஓட்டைகளுக்குக் கணக்கே இல்லை. திருகோணமலை உட்துறைமுகக் கரையில் பைபர் படகுகள் திருத்தும் பட்டறை அவனுடையது. கல்லில் ஏறி வயிறு கிழிந்த படகு, வெயிலில் வெடித்த படகு, பங்காளிச் சண்டையில் கோடரிக் கொத்து வாங்கிய படகு, எது வந்தாலும் பைபர் பாயை விரித்து, ரெசின் பசையைப் பூசி மூடிவிடுவான். அவன் கை வைத்த இடத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது என்று நிலாவெளியிலிருந்து மூதூர் வரைக்கும் பெயர். அந்தப் பெயர்தான் கடைசியில் அவனைக் குப்புற விழுத்தியது.

அவனிடம் ஒரு கார் இருந்தது. எண்பத்து மூன்றாம் ஆண்டுப் பெட்டி லான்சர். அவனைவிட நாலு வயது இளையது, அவனைவிடப் பத்து மடங்கு நோயாளி. உவர்மலையில் ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவரிடம் ஏழு லட்சத்துக்கு வாங்கினான். "ஏழு லட்சத்துக்கு ஒரு காரோ!" என்று அன்றைக்கு அவனே தன் தோளில் தட்டிக்கொண்டான். அது வாசல் கட்டணம் மட்டும்தான் என்பது பிறகுதான் விளங்கியது. இரட்டைக் காபரேட்டர், அகலமான அலோய் சில்லு, ஐந்து கியர் பெட்டி, கண்ணாடிக் கப்புகள் அதிரும்படி கத்துகிற சைலன்சர் என்று அடுத்த ஐந்து வருசத்தில் இன்னும் பதினொரு லட்சம் உள்ளே போனது. மனைவி ஐவியின் சம்பளத்தில் வீடு ஓடியது, நிக்கலஸின் உழைப்பில் கார் நின்றது.

சாமான்கள் எல்லாம் கிண்ணியாவில் லொறி உதிரிப்பாகக் கடை வைத்திருந்த ஸைனுலாப்தீன் நானா மூலம் வரும். மனுசன் வாரம் ஒருமுறை கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தைக் கடைகளைக் கிண்டிக் கிளறி, பழைய சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார். "என்ன விலை நானா?" என்று நிக்கலஸ் வாயைத் திறந்தால், "வெலயக் கேளாத மனே, சாமானப் பாரு" என்பார். நிக்கலஸ் சாமானைப் பார்ப்பான். பார்த்தபிறகு விலையைக் கேட்கிற புத்தி அவனுக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

எல்லாம் இருந்தும் அந்தக் காரில் ஒரு குறை. அதில் ஐவி ஏறுவதில்லை.

மூன்று வருசத்துக்கு முன்பு, நிலாவெளியில் அவளுக்குத் தங்கச்சி முறையான தர்சிகாவின் கலியாணத்துக்குப் புறப்பட்டு, சாம்பல்தீவுப் பாலம் தாண்டினதும் ஐவி காலை ஊன்றி நிமிர்ந்து இருந்தாள். அவ்வளவுதான். கடல் காற்றில் உக்கிப்போயிருந்த தளத் தகடு அப்பளம் போல நொறுங்கி, அவளுடைய குதி உயர்ந்த செருப்பு ரோட்டைத் தொட்டது. நிக்கலஸ் பிரேக்கை மிதித்து நிறுத்தினான். காலுக்கு ஒன்றும் இல்லை. செருப்பின் குதி மட்டும் பத்து யார் பின்னால் கிடந்தது. ஐவி இறங்கி, பட்டுச் சேலையோடு நொண்டி நொண்டிப் போய், வந்த பஸ்ஸை மறித்து ஏறினாள். இரவு வீட்டுக்கு வந்துதான் வாயைத் திறந்தாள்.

"உந்தக் காருக்குள்ள இனி என்ர கால் படாது."

ஐவி பள்ளிக்கூடத்து ரீச்சர். சொன்னதை மாற்றிச் சொல்லும் வழக்கம் அவளிடம் இல்லை.

அன்றிலிருந்து நிக்கலஸ் காருக்குச் செய்த ஒவ்வொரு வேலையும் அவளை ஏற்றுவதற்காகத்தான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடம்கூட. முதுகு நோகிறது என்று அவள் ஒருநாள் பொதுவாகச் சொன்னதைக் கேட்டு, முதுகை அணைத்துப் பிடிக்கும் ரேஸ்கார் சீற் இரண்டை அறுபத்தையாயிரத்துக்கு எடுத்துப் பூட்டினான். இரண்டு பக்கமும் கரை எழும்பிய அந்தச் சீற்றில் சேலை கட்டிய பெண் எப்படி இருப்பாள் என்று யோசிக்கவில்லை. கார் உலுப்புது என்று முன்பு குறை சொன்னாளே என்று ஸ்பிரிங்கை மாற்றி, காரை நிலத்தோடு நிலமாகப் பதித்தான். ஐவி வாசலில் நின்று பார்த்தாள். "இனி ஏறுறது இல்ல, இறங்குறதுதான்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இடப்பக்கச் சீற் காலியாகவே கிடந்தது. தனியே ஓடும்போதும் அதில் படிந்த தூசியைக் கையால் தட்டிவிடுவான்.

தளத்தை மட்டும் அவன் யாரிடமும் கொடுக்கவில்லை. அது தன்னுடைய வேலை, தன்னுடைய மானம். உக்கின தகட்டை வெட்டி எறிந்தான். படகுக்குப் போடுவதுபோல மூன்று அடுக்குப் பாய் போட்டு ரெசின் பூசினான். வேலை செய்யும்போது தளத்தில் வட்ட வட்டமாக நாலைந்து ஓட்டைகள் கண்ணில் பட்டன. கதவுகளின் அடியிலும் நீட்டுக்குச் சின்னச் சின்னக் கீறல்கள். பார்த்ததும் அவனுக்கு உடம்பு கூசியது. இவ்வளவு பெரிய கொம்பனி, அடியில் ஓட்டையை விட்டுவிட்டுப் போயிருக்கிறானே! ஒன்று விடாமல் அத்தனையையும் அடைத்தான். இனி இந்தக் காரைக் கொண்டுபோய் உட்துறைமுகத்தில் இறக்கினாலும் மிதக்கும் என்று பட்டறையில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தான்.

இந்த ஜனவரியில் ஐவிக்குப் பதவி உயர்வு வந்தது. திரியாயில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அதிபர். முதல் நாள் ஏழரைக்கு முன்பு கையெழுத்து வைத்துக் கடமையை ஏற்க வேண்டும். பக்கத்து ஒழுங்கை நஸ்ரியின் ஓட்டோவைத் தினமும் போய்வர மாதக் கணக்கில் பேசியிருந்தாள். அன்று விடிய ஐந்தே முக்காலுக்கு நஸ்ரி போன் எடுத்தான். காய்ச்சல், தலை தூக்க ஏலாதாம். முதல் பஸ் போய்விட்டது, அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல ஏலாது. மூன்று நாளாக விடாத மழை, ஸ்கூட்டரில் நினைத்தும் பார்க்க ஏலாது.

ஐவி புதுச் சேலையோடு, பைலை நெஞ்சில் அணைத்தபடி வாசலில் நின்றாள். நிக்கலஸ் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கத் துணிவில்லாமல் நின்றான்.

"ஒரு நாளைக்குத்தான்" என்றாள் ஐவி.

அவன் ஓடிப்போய்ச் சீற்றைத் துடைத்தான், புது ரப்பர் விரிப்பை அவள் கால்மாட்டில் போட்டான். ஐவி முதலில் வெளியே பார்த்தபடி சீற்றில் இருந்து, சேலையைச் சுருட்டிப் பிடித்து, இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கி உள்ளே வைத்தாள். காலால் தளத்தை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். கல்லுப் போல இருந்தது. அந்த நேரம் யாராவது துறைமுகத்தையே எழுதித் தந்திருந்தாலும் நிக்கலஸ் வேண்டாம் என்றிருப்பான்.

சாம்பல்தீவுப் பாலம் வந்தது, போனது. வளைவுகளில் மட்டும் கதவுக்குள் ஏதோ குலுங்கும் சத்தம் கேட்டது.

"என்ன சத்தம் அது?"

"மழைதானே" என்றான் நிக்கலஸ். அப்படித்தான் அவனும் நம்பினான்.

நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டிக்குப் போகும் வழியில், மழைக்கு ரோட்டில் ஏறிப் படுத்திருந்த மாட்டுக் கூட்டம் ஒன்று எதிர்ப்பட்டது. நிக்கலஸ் பிரேக்கை அழுத்தினான். கார் நின்றது. ஆனால் காருக்குள் இருந்த தண்ணீர் நிற்கவில்லை. முற்றத்துச் சரிவில் நின்றபோது பின்சீற்றடிக்கு ஓடி மூன்று நாளாகத் தேங்கியிருந்தது அத்தனையும் சளார் என்று முன்னால் பாய்ந்து, ஐவியின் கணுக்கால் வரைக்கும் ஏறியது. புது விரிப்பு மிதந்தது. அவள் பைலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

நிக்கலஸ் கரையில் நிறுத்தினான். தண்ணீர் ஆற அமரப் பின்பக்கம் போய்விட்டுத் திரும்பவும் வந்தது.

"இது எங்கால வந்த தண்ணி?" ஐவியின் குரல் வகுப்பறைக் குரலாக இருந்தது.

"முன் கண்ணாடி ரப்பரால வந்திருக்கும். அது பழசு, இந்த மாரிக்கு வெடிச்சுப்போச்சு. மாத்தப் பதினெட்டாயிரம் கேட்டாங்கள்…" அந்தக் காசுக்கு மரப்பிடி போட்ட ஸ்டியரிங் வாங்கியதை அவன் சொல்லவில்லை. ஐவி ஸ்டியரிங்கைப் பார்த்தாள்.

"சரி, மேலால வந்தது. வந்த தண்ணி ஏன் வெளியில போகேல்ல?"

அப்போதுதான் நிக்கலஸின் மண்டையில் வெளிச்சம் பட்டது. அந்த வட்ட ஓட்டைகள். கதவடிக் கீறல்கள். கொம்பனிக்காரன் மறந்துபோய் விட்டவை இல்லை அவை. படகில் தண்ணீர் கீழாலேதான் வரும். காருக்கு மேலாலேயும் வரும் என்று இருபத்தைந்து வருசமாகப் படகு திருத்தினவன் யோசிக்கவே இல்லை.

"நான் எல்லாத்தையும் அடைச்சுப்போட்டன், ஐவி" என்றான்.

பின்னால் புல்மோட்டை பஸ் வரும் சத்தம் கேட்டது. நிக்கலஸ் மழைக்குள் இறங்கி நடுரோட்டில் கையை விரித்து நின்றான். மூன்று வருசம் ஏங்கி ஏற்றினவளைத் தன் கையாலேயே பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டியதாகிவிட்டது. ஆனால் அவள் பிந்தக் கூடாது. அதுதான் முக்கியம்.

"ஏறும், ஐவி. நேரம் போகுது. நான் இறைச்சுப்போட்டுத் திரும்பிப் போறன்."

ஐவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸடிக்குப் போனாள். அவள் போவதைப் பார்க்க விருப்பமில்லாமல் நிக்கலஸ் டிக்கியைத் திறந்து, வாய் வெட்டிய எண்ணெய்க் கான் ஒன்றை எடுத்து, காருக்குள் குனிந்து தண்ணீரை இறைக்கத் தொடங்கினான். கடலில் இறைப்பதுபோல ஒரே சீராக இறைத்தான். பஸ் யன்னலில் யாரோ, "அண்ணே, நங்கூரத்தையும் போடுங்கோ, கார் இழுபட்டுப் போயிடும்!" என்று கத்தினார்கள். முழுப் பஸ்ஸும் சிரித்தது. அவன் நிமிரவில்லை. பஸ் புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது.

நிமிர்ந்தபோது ஐவி பக்கத்தில் நின்றாள்.

"ஏன், ஏறேல்லயோ?"

"பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறாங்கள்" என்றாள். முகம் சிவந்திருந்தது. "உங்களைப் பாத்துச் சிரிக்கிறதுக்கு அவங்கள் ஆர்? அதுக்கு நான் இருக்கிறன்." பிறகு காருக்குள் எட்டிப் பார்த்தாள். "கொம்பனிக்காரன் விட்ட ஓட்டை எதில இருந்தது?"

நிக்கலஸ் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவி இடத்தைக் காட்டினான். ஸ்குறூ டிறைவரை எடுத்து அந்த இடத்தில் ஊன்றினான். மற்றக் கையில் சில்லுக் கழற்றும் கம்பி. ஓங்கினான். கை இறங்கவில்லை. தான் அடைத்த ஓட்டையைத் தானே உடைப்பதற்கு அவன் கை பழகவில்லை.

"தாங்கோ இஞ்ச."

ஐவி சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். மூன்று அடி அடித்தாள். மூன்றாவதில் பைபர் படார் என்று விட்டுக்கொடுத்தது. தண்ணீர் சுழன்று சுழன்று ரோட்டில் இறங்கியது. இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஏழு இருபத்தாறுக்குக் கார் பள்ளிக்கூட வாசலில் நின்றது. "பள்ளிக்கூடம் ஒண்டரைக்கு விடும். பிந்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, நனைந்த சேலைக் கரையோடு, தலை நிமிர்ந்து ஐவி உள்ளே போனாள்.

நிக்கலஸ் வீட்டுக்குத் திரும்பவில்லை. போனால் கார் மறுபடி வருமோ என்ற சந்தேகம் அவனுக்கே இருந்தது. பக்கத்துச் சைக்கிள் கடையில் ஒரு சுத்தியல் வாங்கி, மற்ற ஓட்டைகளையும் கதவடிக் கீறல்களையும் ஒவ்வொன்றாகத் தானே திறந்தான். முதல் அடிக்குத்தான் கண்ணை மூட வேண்டியிருந்தது.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. குச்சவெளி தாண்டினபிறகு ஐவி சீற்றுக்குள் நெளிந்து நெளிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"உந்தச் சீற்றை ஏன்தான் போட்டனீங்கள்?"

"முதுகு நோகுது எண்டு சொன்னீர்."

"ஆர், நானோ? எனக்காகவோ போட்டனீங்கள்?"

"எல்லாம் உமக்காகத்தான்" என்றான் நிக்கலஸ். சொன்னபிறகு வெட்கமாக இருந்தது.

ஐவி கடல் பக்கம் திரும்பினாள். "என்னட்டக் கேட்டிருந்தா ஒரு தலகணியே காணும் எண்டு சொல்லியிருப்பன்" என்றாள்.

அப்போது அவளுடைய போன் அடித்தது. நஸ்ரி. காய்ச்சல் குறைந்துவிட்டது, நாளைக்கு ஆறு மணிக்கு ஓட்டோவோடு வாசலில் நிற்பானாம். அவன் கத்திக் கதைப்பது நிக்கலஸுக்கும் கேட்டது.

"இல்லத் தம்பி, நீங்கள் படுத்து எழும்புங்கோ" என்றாள் ஐவி. "நாளைக்கும் வேண்டாம், இனி வேண்டாம். எனக்கு வாகனம் இருக்குது."

போனைப் பைக்குள் வைத்துவிட்டு, நிக்கலஸின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"என்ர முகத்தில ஒண்டும் எழுதியில்ல. ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."