பிழியாத போர்வை

அமலாவுக்கு வயிறு எரிந்தது. பாலிகிளினிக்கில் போய்ச் சொல்லி மாத்திரை வாங்கக்கூடிய எரிச்சல் இல்லை. தன் வீட்டுக்கு நேர் கீழே, எட்டாம் மாடியில் குடியிருக்கும் சுஷ்மிதா ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அது நன்றாக வேறு இருக்கிறது என்பதால் வந்த எரிச்சல்.

நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் அமலா அவளை எவ்வளவு அன்பாகப் பாராட்டியிருப்பாள், தெரியுமா?

சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில் இந்த ஆண்டு தமிழ் நகைச்சுவைத் தொடருக்கு ஒரே ஓர் இடம்தான். பதின்மூன்று வாரம். கடைசிச் சுற்றுக்கு வந்தவை இரண்டு கதைகள். ஒன்று அமலாவுடையது, மற்றது சுஷ்மிதாவுடையது. அமலா சொந்தமாக எழுதி ஆறு வருடமாகிவிட்டது. மற்றவர்கள் எழுதிய நாடகங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொண்டிருக்கிறாள். கடைசியில் அவள் பெயர் எறும்பு அளவு எழுத்தில் ஓடி மறையும். இந்த முறையும் கை நழுவினால், ஐம்பது வயதில் இனி யார் கூப்பிட்டுக் கதை கேட்கப் போகிறார்கள்?

அவள் சும்மா இருக்கவில்லை. ஒரு மாதம் தேக்கா சந்தைப் பக்கம் அலைந்தாள். ஒரு பூக்கடைக்கு எதிரே நின்று, வருகிறவர் போகிறவரை எல்லாம் குறிப்பெடுத்தாள். முழம் போடும்போது வாடிக்கையாளரின் குடும்பக் கதையையும் சேர்த்துக் கறக்கிற கடைக்காரம்மா. யாருக்கென்றே சொல்லாமல் ஞாயிறுதோறும் மல்லிகை வாங்கும் கப்பல் பட்டறை ஊழியர். மாலையைப் படமெடுத்துவிட்டு வாங்காமல் போகிற சுற்றுலாக்காரர்கள். பாத்திரங்கள் எல்லாம் கொழுகொழுவென்று வந்து விழுந்தார்கள். 'பூக்கடைதான் களம், இதை யாரும் அசைக்க முடியாது' என்று இருந்தாள்.

தயாரிப்பாளர் முகமது யூசுப் ஒரே வாக்கியத்தில் அசைத்துவிட்டார். பஃப்ளோ ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் தேநீரை உறிஞ்சிக்கொண்டே, "எல்லாம் சரிதான் அமலா, பூ வாங்கினவன் போயிடுவான்லா," என்றார். "சண்டை வந்தா அடுத்த கடைக்குப் போயிடுவான். மறுபடி எதுக்கு வரணும்? இந்த மாதிரி தொடருக்கு ஓட முடியாத இடம் வேணும். மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காட்டியும் பார்த்தே ஆகணும்."

"அப்ப சுஷ்மிதாவோடது?"

யூசுப் பையிலிருந்து சுஷ்மிதாவின் பிரதியை எடுத்து அவளிடமே நீட்டினார். "நீதானே அவளை என்கிட்டக் கூட்டிட்டு வந்தே. படிச்சிட்டுச் சொல்லு."

போட்டியாளரின் கையிலேயே போட்டிக் கதையைக் கொடுப்பார்களா என்று கேட்காதீர்கள். சிங்கப்பூரில் தமிழில் திரைக்கதை எழுதுகிறவர்கள் எல்லாரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். யாரிடம் கருத்துக் கேட்டாலும் அவர் யாருக்காவது போட்டியாளராகத்தான் இருப்பார்.

ஈசூனுக்குத் திரும்பும் ரயிலில் நின்றபடியே படித்தாள் அமலா. ஒரு வீவக அரசாங்க அடுக்குமாடி புளோக்கின் பின்பக்கம். மேலும் கீழுமாக இரண்டு அடுப்படிச் சன்னல்கள். இரண்டிலிருந்தும் வெளியே நீட்டியிருக்கும் துணி காயப்போடும் மூங்கில் கழிகள். மேல்வீட்டுத் துணி சொட்டுகிறது, கீழ்வீட்டில் காய்ந்த துணி நனைகிறது. கீழ்வீட்டுக்காரர்கள் வீடு வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. அரசாங்க விதிப்படி ஐந்து வருடம் முடியாமல் விற்கவும் முடியாது. அவ்வளவுதான் களம். யூசுப் கேட்ட 'ஓட முடியாத இடம்' இதைவிட எங்கே கிடைக்கும்?

அமலாவுக்குக் கண் கலங்கியது. கதையை நினைத்து அல்ல. அது அவளுடைய சன்னல்! பதினெட்டு வருடமாக அதே சன்னலில் நின்று அதே கழியை நீட்டிக்கொண்டிருக்கிறாள். தஞ்சோங் பகாரில் எங்கோ கணக்காய்வு அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, ரயிலில் கைப்பேசியில் எழுதுகிற இந்தத் திருச்சிக்காரி, இந்த ஊர்ப் பையன் ஜெய்யைக் கட்டிக்கொண்டு இரண்டே வருடம் முன்னால் வந்தவள், அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாளே! சொட்டுவது கீழே இருப்பவளுக்குத்தானே தெரியும், மேலே இருப்பவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நியாயம் மனதில் எட்டிப் பார்த்தது. போ அந்தப் பக்கம் என்று அதை விரட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் யூசுப்பை அழைத்தாள். குரலில் தேனைத் தடவிக்கொண்டாள். "நல்லாத்தான் எழுதியிருக்கா அண்ணே. ஒண்ணுதான் இடிக்குது. அந்த மேல்வீட்டு அம்மா வேணும்னே தண்ணி சொட்ட விடுறாங்க. படிச்ச பொம்பளை, அந்த வயசுல, யாரு அண்ணே அப்படிச் செய்வா? இப்படி ஒருத்தி இருக்கவே மாட்டா."

மறுமுனையில் யூசுப் யோசித்தார். "எனக்கும் அதான் உறுத்துது. அவ எதுக்குச் செய்றான்னு காரணமே இல்ல. சனிக்கிழமை காலையில சுஷ்மிதா வீட்டு அடுப்படியைப் பார்க்கப் போறேன். அந்த அம்மா பாத்திரம் நிக்கலேன்னா உன் பூக்கடைதான்."

அன்று அமலா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு யூசுப் வந்தார். மின்தூக்கி எட்டில் நின்ற சத்தம் அமலாவுக்குக் கேட்டது. பிறகு சன்னல் வழியாக எல்லாமே கேட்டது. கீழே கரண்டிச் சத்தம். இஞ்சி தட்டும் சத்தம். சுஷ்மிதா ஏதோ நடித்துக் காட்டுகிறாள் போல, குரல் ஏறி இறங்கியது. அப்புறம் யூசுப் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. மூச்சுத் திணறி, மேசையைத் தட்டி, "போதும் போதும்" என்று கெஞ்சுகிற சிரிப்பு. அமலா அவருக்கு இருபது வருடமாகக் கதை சொல்லியிருக்கிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் அப்படிச் சிரித்ததுண்டா?

அவளுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. சலவை எந்திரத்தில் தடிப் போர்வை சுற்றிக்கொண்டிருந்தது. அலசி முடித்துப் பிழியத் தொடங்கும் நேரம். அமலா பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். தண்ணீர் வழிய வழிய அதை வெளியே இழுத்தாள். கன்றுக்குட்டி கனம் கனத்தது. கழியில் போட்டு, இடுப்பு முறிய முறியத் தூக்கினாள்.

முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கணவர் பரமசிவம் தரையில் ஓடிவந்த தண்ணீரைப் பார்த்தார். "மெஷின் கெட்டுப்போச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் இப்படிச் சொட்டுது?"

"சொட்டட்டும்!"

பரமசிவம் கல்யாணமான புதிதில் மேலே கேட்டு மாட்டிக்கொண்டவர், இப்போது விவரம் தெரிந்தவர். காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கம் திருப்பினார்.

கழியைச் சன்னலுக்கு வெளியே தள்ளிச் செருகினாள் அமலா. கீழே களத்தைப் பார்ப்பதற்காக யூசுப் அந்த நேரம் பார்த்துத் தலையை வெளியே நீட்டியிருப்பார் என்று அவள் நினைக்கவில்லை. சுஷ்மிதாவின் துணி நனையட்டும், பேச்சு கெடட்டும், அந்தச் சிரிப்பு நிற்கட்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

"யா அல்லாஹ்!"

சிரிப்பு நின்றது. அமலாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. எட்டிப் பார்த்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. கீழே, வழுக்கைத் தலையில் தண்ணீர் ஓட, யூசுப் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணும் கண்ணும் சந்தித்தன. அவர் தலைக்குப் பின்னால் சுஷ்மிதாவும் எட்டிப் பார்த்தாள்.

அமலாவின் முகத்தில் ஈயாடவில்லை. 'தெரியாமல் பட்டுவிட்டது' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

யூசுப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "அமலா! இப்படி ஒருத்தி இருக்கவே மாட்டாள்னு நீதானே சொன்னே?"

பிறகு அதே மூச்சுத் திணறும் சிரிப்பு. இந்த முறை அது அமலாவால் வந்தது. இருபது வருடத்தில் முதல் முறை. சிரிப்புக்கு நடுவே அவர் சுஷ்மிதாவிடம் சொன்னது ஒன்பதாம் மாடிக்குத் தெளிவாகவே கேட்டது. "முடிஞ்சிடுச்சும்மா. பாத்திரம் நிக்குது. நீ எழுது."

அமலா அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீருக்குள்தான் உட்கார்ந்தாள். பூக்கடையும் போயிற்று, கடைக்காரம்மாவும் போனாள், பதின்மூன்று வாரமும் போயிற்று.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. சுஷ்மிதா. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் அமலா நினைத்தாள், அது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் அவள் கையில் இருந்தது நோட்டுப் புத்தகம்.

"அக்கா, கோபமா வரலை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"மெஷின்ல போட்ட போர்வை இவ்வளவு சொட்டாது. ஸ்பின் ஆகுறதுக்கு முன்னாடி நிறுத்தினாத்தான் இப்படிக் கொட்டும். வேணும்னேதான் செஞ்சீங்க, இல்ல?"

அமலாவின் கண் தானாக அடுப்படிப் பக்கம் போயிற்று.

"எதுக்குக்கா? அதை மட்டும் சொல்லுங்க. என் ஸ்கிரிப்ட்ல அது ஒண்ணுதான் எனக்குக் கிடைக்கலை. என்னென்னவோ எழுதிப் பார்த்துட்டேன். மேல்வீட்டு அம்மா எதுக்கு அப்படிச் செய்றாங்க?"

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! இடத்தைப் பறித்தாயிற்று, சன்னலைப் பறித்தாயிற்று, இப்போது காரணத்தையும் கேட்டு வந்து நிற்கிறாள். கதவைச் சாத்தலாம் என்று அமலா கையை வைத்தாள். ஆனால் ஒரு எழுத்துக்காரி இன்னொரு எழுத்துக்காரியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளும் ஒரு காலத்தில் அந்த முகத்தோடு ஊரெல்லாம் அலைந்தவள்தான்.

"பதினெட்டு வருஷமா அந்தச் சன்னல்ல நிக்கிறேன்டி," என்றாள். "எனக்குத் தெரியாதது உனக்கு ரெண்டே வருஷத்துல தெரிஞ்சுபோச்சு. பொறாமை. வேற என்ன?"

சுஷ்மிதா நோட்டுப் புத்தகத்தை விரித்தாள். பிறகு, மிக மெதுவாக, "எழுதிக்கட்டுமா அக்கா?" என்றாள்.

"எழுதிக்க. பேரை மட்டும் மாத்து."

ஐந்து மாதம் கழித்து நான்காம் வாரத்துக் கோப்பு அமலாவின் மடிக்கணினிக்கு வந்தது. ஆம், சப்டைட்டில் போட அவளுக்கேதான். அந்தக் காட்சி வந்தது. மேல்வீட்டு அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடித்தவளும் நன்றாகவே நடித்தாள். "பதினெட்டு வருஷமா அந்தச் சன்னல்ல நிக்கிறேன்டி. எனக்குத் தெரியாதது உனக்கு ரெண்டே வருஷத்துல தெரிஞ்சுபோச்சு."

அவ்வளவுதான். 'பொறாமை'யும் இல்லை, 'வேற என்ன'வும் இல்லை. சுஷ்மிதா அங்கேயே வெட்டிவிட்டாள். அந்த அம்மா அதோடு நிறுத்திவிட்டுக் கதவை மெல்லச் சாத்துகிறாள், கதவின் இந்தப் பக்கம் கீழ்வீட்டுக்காரி நிற்கிறாள்.

அமலா அதை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தாள். சரியான வெட்டு. தான் எழுதியிருந்தால் 'பொறாமை'யை வைத்திருப்பாள், காட்சியைக் கெடுத்திருப்பாள். தன் வாயிலிருந்து வந்த வசனம், அதைத் தன்னைவிட நன்றாக எழுதத் தெரிந்தவள் கீழே இருக்கிறாள்.

வயிறு எரிந்தது. ஆங்கில வரியைத் தட்டத் தொடங்கினாள்.